கசங்கிய ஷீட்டும் சிமென்ட் தரையும்

என் மருமகளுக்குத் தெருவில் 'ஹாரன்' என்று பெயர். பள்ளிக்கூட வேன் ஓட்டியவள். முனை திரும்பும்போதே அவள் அடிக்கிற ஹாரனில் பிள்ளைகள் ஒரு காலில் ஷூவோடு வாசலுக்கு வந்துவிடும். பேச்சும் அதே சத்தம். ரகசியம் பேச வராது; புருஷன் காதில் சொன்னால் எதிர்வீட்டிலிருந்து பதில் வரும்.

பள்ளி சொந்தமாகப் பேருந்து வாங்கியதும் வேனை விற்றாள். வேன் போயிற்று, அது நின்ற இடத்து எண்ணெய்க்கறை போகவில்லை. எங்கள் முன்முற்றம் சிமென்ட் தரை. அதன் இடது ஓரத்தில், குழாய்க்குச் சற்று முன்னால், விரித்த குடையளவு கறுப்பு. சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தாள், மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தாள். கறை வெளுத்ததே தவிர இடத்தைக் காலி செய்யவில்லை.

"டைல்ஸ் ஒட்டிடலாம்" என்றான் என் மகன். லிப்ட் மெக்கானிக், எதையும் சீக்கிரம் மேலே ஏற்றி மூடிவிடப் பார்ப்பான்.

"ஒட்டினா மறையும். அடியில இருக்கும்ல? எனக்குத் தெரியும்ல?" என்றாள்.

அப்போதுதான் பெயின்ட் கடைக்காரர் ஒரு சிமென்ட் பலகையைக் காட்டியிருக்கிறார். காய்ந்த இலையின் நிறம், நடுவே தேன் நிறம். பெயின்ட் மேலே உட்காரும், இந்தச் சாயம் உள்ளே இறங்கும், சிமென்டில் இருக்கிற சுண்ணாம்போடு சேர்ந்து நிறமாக மாறும், உரியாது என்றாராம். "ஆனா ஒண்ணும்மா, கலர் உங்க இஷ்டத்துக்கு வராது. தரையோட இஷ்டத்துக்குத்தான் வரும்."

இந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டு வேறு யாராவது திரும்பி வந்திருப்பார்கள். இவள் இரண்டு கேனோடு வந்தாள்.

முதலில் பின்வாசல் படி. அடுத்து மதில் மேல்விளிம்பு, மாடிப்படி, பூந்தொட்டி. கையுறை, கண்ணாடி, முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டு, செடிக்கு மருந்தடிக்கும் கைப்பம்பால் அடித்துக்கொண்டே போனாள். "நான் ரெண்டு நிமிஷம் அசையாம நின்னா என் காலுக்கும் ஏத்திடுவா" என்றாள் என் மனைவி. கேலி பேசிய அதே வாய், பக்கத்து வீட்டில் போய் "எங்க படியை வந்து பாருங்க" என்று பெருமையடித்தது. பக்கத்து வீட்டுப் படிக்கும் சாயம் ஏறியது.

ஆனாலும் அவளுக்கு ஒரு குறை இருந்தது. யாராவது "என்ன பண்றீங்க?" என்று கேட்டால் "வேன் ஓட்டிட்டிருந்தேன்" என்பாள். "சரி, இப்போ?" என்று அடுத்த கேள்வி வரும். அந்த ஒரு கேள்விக்குத்தான் அவள் குரல் இறங்கிப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் பகுதி நூலகத்தின் வாசிப்பறைத் தரை பல்லிளித்துக் கிடந்தது. டைல்ஸ் போடுவதென்று நூலகக் குழுவில் பேச்சு. ஹாரன் நேரே போய்க் குழுத் தலைவியிடம் கேட்டாள். அவர் பல் டாக்டர். யார் பேசினாலும் முகத்தை விட்டுவிட்டுப் பல்லைப் பார்ப்பார்.

"படி, தொட்டி எல்லாம் சரிம்மா. பெரிய தரை பண்ணியிருக்கீங்களா?"

"எங்க முன்முற்றம் பண்றேன் டாக்டரம்மா. வந்து பாருங்க."

"ஞாயிறு காலைல வரேன். பிடிச்சா வாசிப்பறை உங்களுக்கு. இல்லேன்னா திங்கள்கிழமை டைல்ஸ்காரர் வந்துடுவார்."

சனிக்கிழமை வீடே கல்யாண வீடு போல ஆனது. காலையில் தரையைக் கழுவிக் காயவிட்டாள். பிறகு அங்கங்கே தண்ணீர் தெளித்துப் பார்த்தாள். துளி உருண்டு நின்றால் தரை சாயத்தைக் குடிக்காது. எல்லா இடத்திலும் குடித்தது. எண்ணெய்க்கறையில் மட்டும் துளி முத்துப்போல நின்றது.

"அது பிடிவாதக்காரத் துண்டு மாமா. விட்டுடுவோம்" என்றாள்.

மாலையில் அடிக்கத் தொடங்கினாள். தரை நுரைத்துச் சீறியது. நாங்கள் மூவரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். கடைசி மூலையை முடித்துவிட்டு நிமிர்ந்தாள். அவள் மூக்கில் ஒரு மழைத்துளி விழுந்தது.

"ஷீட்டு!" என்று அவள் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுக்காரரே அவர் வீட்டுப் பிளாஸ்டிக் ஷீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார். ஆளுக்கொரு முனையைப் பிடித்தோம். காற்று ஷீட்டைப் பிடுங்கியது. மகன் வலப்பக்கம் இழுக்க, என் மனைவி இடப்பக்கம் இழுக்க, நடுவில் அது கசங்கிச் சுருண்டு தரையோடு ஒட்டிக்கொண்டது. "இழுக்காதீங்க அத்தை! அப்படியே விடுங்க! கல்லு வைங்க!" மழை கொட்டியது. ஈரமான சாயம் அந்தச் சுருக்கங்களுக்குள் ஓடித் தேங்குவது தெரிந்தது.

காலையில் ஷீட்டை உரித்தபோது சேறு போன்ற பழுப்புக் கசடுதான் இருந்தது. அது எப்போதும் வருவதுதான். சமையல் சோடா கரைத்த தண்ணீரை ஊற்றிக் கழுவினாள். முதல் வாளியில் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாவது வாளியில் என் மனைவி "அம்மாடி!" என்றாள்.

தரை முழுக்க நரம்புகள். தேன் நிறத்தின் மேல் கரும்பழுப்புக் கோடுகள் கிளைவிட்டு, பிரிந்து, மறுபடி சேர்ந்து ஓடின. ஷீட்டின் ஒவ்வொரு சுருக்கமும் அங்கே இருந்தது. குழாய் பக்கம் எண்ணெய்க்கறை மட்டும் வெளிறிய தீவுபோல நின்றது. கோடுகள் அதைச் சுற்றி வளைந்து போயின.

பல் டாக்டர் வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார். குனிந்து தடவினார். "இது பளிங்கு மாதிரியில்ல இருக்கு! வாசிப்பறைக்கு இதே வேணும். எப்படிப் பண்ணீங்க?"

மகன் அவள் முழங்கையை இடித்து, "யோசிச்சுப் பண்ணதுன்னு சொல்லு" என்று முணுமுணுத்தான்.

அவள் முழங்கையை இழுத்துக்கொண்டாள். "யோசிச்சுப் பண்ணல டாக்டரம்மா. மழை வந்துச்சு, ஷீட்டு கசங்கிடுச்சு. அதான் இது."

"அப்போ திரும்பப் பண்ண முடியாதா?"

மகன் வானத்தைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள். "தெரியல" என்றாள். அடுத்த மூச்சில், "பின்னாடி துவைக்கிற இடம் இருக்கு. இப்பவே பண்ணிப் பார்க்கவா? மத்தியானம் வரைக்கும் இருப்பீங்களா?"

டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பையை என் மனைவியிடம் கொடுத்தார். "டீ இருக்கா?"

பிறகு நடந்தது கூத்து. துவைக்கும் தரையைத் துடைத்து, சாயம் அடித்து, ஷீட்டை விரித்தாள். "நேத்து மாதிரி இழுங்க!" புருஷன் வலப்பக்கம், மாமியார் இடப்பக்கம். "காத்து இல்லையே" என்றான் மகன். "அதுக்கு நான் இருக்கேன்" என்று டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு நடுவில் பிடித்து, அழுகிற பிள்ளையின் தாடையைப் பிடிப்பதுபோல அழுத்திச் சுருட்டினார். மழைக்குப் பதில் நான் ஷீட்டின் மேல் பூவாளியால் தண்ணீர் விட்டேன். தூறலாக விடச் சொன்னாள், தூறலாகவே விட்டேன்.

வெயில் நிழலைச் சுவருக்குள் தள்ளும் வரை உட்கார்ந்திருந்தோம். யாருக்கும் டீ இறங்கவில்லை. ஹாரன் மட்டும் பின்வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்தபடி இருந்தாள்.

ஷீட்டை உரித்தாள். முதல் வாளி. கசடு. இரண்டாவது வாளி. கசடு. மூன்றாவது வாளியை மெதுவாகச் சாய்த்தாள்.

கோடுகள்! முன்முற்றத்தில் நதிபோல ஓடியவை இங்கே மின்னல்போல வெடித்திருந்தன. மகன் அம்மாவைத் தூக்கிச் சுற்றினான். "இறக்குடா, லிப்டுன்னு நினைச்சியா!" என்று அவள் கத்தினாள்.

ஹாரன் மட்டும் முகம் சுருங்கி நின்றாள். "அதே மாதிரி வரலியே டாக்டரம்மா. அக்கா தங்கச்சி மாதிரிதான் வருது."

"வரட்டுமே. தங்கச்சி நல்லாத்தான் இருக்கா" என்றார் டாக்டர். கையுறையைக் கழற்றிப் போனை எடுத்து நூலகக் குழுவில் ஒருவரை அழைத்தார். "டைல்ஸ்காரரை வர வேணாம்னு சொல்லிடுங்க. தரைக்குச் சாயம் ஏத்தறவங்க கிடைச்சுட்டாங்க. ஆமா, அதான் அவங்க தொழில். இன்னொண்ணு, ஷீட்டைக் கசக்குற அன்னைக்கு நானும் வருவேன், இப்பவே சொல்லிட்டேன்."

மருமகள் காலி வாளியோடு அப்படியே நின்றாள். அவள் சத்தமில்லாமல் நின்று நான் பார்த்தது அன்றுதான். பிறகு மெல்ல நகர்ந்து, புருஷன் காதருகே வாயைக் கொண்டுபோய், ரகசியமாகச் சொன்னாள்:

"கேட்டீங்களா? தொழிலாம்!"

"கேட்டோம், கேட்டோம்!" என்று எதிர்வீட்டிலிருந்து பதில் வந்தது. "எங்க ஷீட்டை எப்போ தருவீங்க?"