ரதிக்குக் கொடுத்த பிஸ்கட் டின்

நான் பதுளைக்கு முதன்முதலில் போனது பெண் பார்க்க. ஐம்பதுகளின் நடுப்பகுதி, மாசி மாதம். கொழும்பில் எழுதுவினைஞனாக இருந்தேன். அதற்கு முன் இரண்டு வீடுகளில் என்னை வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். சம்பளத்தில் குறையில்லை, வாயில்தான் குறை. முதல் வீட்டில் பெண்ணின் மாமனோடு சாதகக் கணக்கில் தர்க்கம். இரண்டாவது வீட்டில் வடைக்கு உப்புப் போதுமா என்பதில்.

"இந்த முறையும் வாயைத் திறந்தியெண்டால் இனி உனக்குப் பொம்பிளை தேடமாட்டன்" என்று அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வந்தே சொல்லிவிட்டுப் போனார். பெண்ணின் அப்பா பதுளையில் தபால் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர், எங்கள் ஊர்க்காரர். அவரை நான் பார்த்ததில்லை. பெண்ணின் படத்தைப் பார்த்திருந்தேன். பார்த்ததிலிருந்து, வாயைத் தைத்துக்கொண்டாவது இந்தச் சம்பந்தத்தை முடித்துவிட வேண்டும் என்றிருந்தேன்.

கொழும்புக் கோட்டை நிலையத்தில் இரவு அஞ்சல் ரயில் ஏறினால் விடியும்போது அப்புத்தளை. அதன் பிறகு இரண்டு பக்கமும் பார்க்க இருக்கிறது, ஆகவே ஜன்னலுக்காக யாரோடும் சண்டை பிடிக்க வேண்டாம். போர்வையும் கட்டாயம் வேண்டும். நான் கொண்டு போகாமல் பிஸ்கட் டின்னைக் கட்டிப்பிடித்தபடி நடுங்கினேன். பெண் வீட்டுக்கென்று வாங்கிய பெரிய டின், மூடியில் மயில் படம் போட்டது.

அப்புத்தளையில் ஒருவர் ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்தார். முப்பது வயதிருக்கும். மீசையை அன்றுதான் மழித்திருந்தார் போல, மேலுதடு மட்டும் வெளுத்திருந்தது. மடியில் சிவப்புச் சேலை, கண்ணாடி வளையல், ஜரிகை மாலை. பெயர் முத்தையா, ஊர் ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம்.

"கல்யாணமோ?" என்று கேட்டேன்.

"ஆமாங்க. இன்னிக்குத்தான். நீங்களும் வாங்களேன்."

"நீங்கள் எந்தப் பக்கம்?"

"பொண்ணுப் பக்கமுங்க" என்று வெட்கப்பட்டார். ஆண்பிள்ளை இதற்கு ஏன் வெட்கப்பட வேண்டும் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

பெண் வீட்டில் என்னை எதிர்பார்த்தது மாலை ஐந்து மணிக்கு. அதுவரை தெரியாதவர்கள் நடுவில் சும்மா இருந்தால் வாய்க்கும் நல்ல பயிற்சி என்று ஹாலிஎலையில் இறங்கினேன். அங்கிருந்து தோட்டத்துக்கு மூன்று மைல், எல்லாம் ஏற்றம். முத்தையா என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் போக, நான் டின்னோடு மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனேன்.

தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பக்கத்தில் காமன் பொட்டல் என்று ஒரு வெளி. நடுவில் வைக்கோல் சுற்றிய கம்பம், சுற்றிலும் சனம், தப்பு முழங்கியது. மணப்பெண் வந்தாள். நானும் மரியாதையாக எழுந்துபோய் டின்னை அவள் கையில் கொடுத்தேன்.

"ரொம்ப நன்றிங்க" என்றாள் மணப்பெண், முத்தையாவின் குரலில்.

காமன் கூத்தாம். மன்மதனுக்கும் ரதிக்கும் கல்யாணம், இரவில் சிவன் வந்து மன்மதனை எரிப்பார், ரதி அழுவாள். முத்தையா வருடா வருடம் ரதி. கொடுத்த டின்னைத் திருப்பிக் கேட்க முடியுமா? போய் ஓரமாக உட்கார்ந்தேன்.

அதோடு எழுந்து போயிருந்தால் மானமாவது மிஞ்சியிருக்கும். பிறகு கட்சிப் பாட்டுத் தொடங்கியது. மன்மதன் எரிந்தான் என்று ஒரு கட்சி, எரியவில்லை என்று ஒரு கட்சி. எரியாத கட்சிக்குத் தலைப்பாகை கட்டி, மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் டேப் என்கிற கைப்பறையை அடித்துப் பாடினார். எல்லோரும் அவரை வாத்தியார் என்றார்கள். பாட்டு நின்றதும் கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்:

"ரதியின்ரை கண்ணுக்கு அவன் தெரியிறான். பிறகு எப்பிடி எரிஞ்சவன் எண்டு சொல்லுவியள்?"

எங்களூர்ப் பேச்சு. அதுதான் என்னைக் கெடுத்தது.

"எரியாட்டி ரதி என்னத்துக்கு அழுதவள்?" என்று எழுந்துவிட்டேன்.

"தம்பி, அது பிரிவுத் துயர்."

"பக்கத்திலை நிக்கிறவனை எப்பிடிப் பிரியிறது? ஐயா முதலிலை கண்ணாடியை மாத்துங்கோ."

சனம் சிரித்து விழுந்தது. எரிந்த கட்சிக்காரர்கள் என்னைத் தோளில் தூக்காத குறை. பெரியவர் விடவில்லை, நானும் விடவில்லை. மதியச் சோறு ஆறிப்போகும் வரை வாதாடினோம். கடைசியில் அவர் டேப்பைக் கீழே வைத்துவிட்டு, "உமக்குப் பொம்பிளை குடுக்கிறவன் பாவம்" என்றார். "அது உங்கட கவலை இல்லை" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

ஹாலிஎலையிலிருந்து பதுளைக்கு பஸ், முப்பது சதம்; அதற்குக் காத்து நின்றதில் இரண்டு மணி நேரம் போனது. பழக்கடை ஒன்றும் திறந்திருக்கவில்லை. பெட்டியைத் தவிர வெறுங்கையோடு, ஆனால் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, ஐந்து மணிக்குக் கதவைத் தட்டினேன்.

கதவைத் திறந்தவர் தலைப்பாகையை இன்னும் அவிழ்க்கவில்லை.

அவர் கதிரையைக் காட்டினார், உட்கார்ந்தேன். படத்தில் பார்த்த பெண் தேத்தண்ணியும் ஒரு தட்டில் பிஸ்கட்டும் கொண்டு வந்து வைத்தாள். உள்ளே மேசையில் மயில் படம் போட்ட டின். கூத்துக்காரர்கள் வாத்தியாருக்கு மரியாதை செய்திருக்கிறார்கள்.

"சாப்பிடும். உம்மட சாமான்தான்" என்றார் அவர். பிறகு மகள் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நான் சொன்ன அந்த வாய்க்காரன் இவர்தான். மன்மதன் எரிஞ்சவனாம். இப்பிடிப்பட்ட ஆளுக்கு என்ன சொல்லி அனுப்புவம்?"

இதுவும் போச்சு என்று எழுந்தேன். கதவடியில் நின்றவள் தலையைக் குனிந்தபடி சொன்னாள்:

"அப்பா, நானும் எரிஞ்ச கட்சிதான்."

மாசியில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில வார்த்தை. போர்வை எடுத்துக்கொள்ளுங்கள், மலையேற நல்ல செருப்புப் போடுங்கள், பிஸ்கட் டின் இரண்டாக வாங்குங்கள். பொட்டலில் கட்சி சேரச் சொன்னால் தயங்க வேண்டாம். மாமா கண்ணை மூடும் வரை எங்கள் வீட்டில் அவர் ஒருவர்தான் எரியாத கட்சி. வருடா வருடம் எங்களோடு வாதாடித் தோற்பதற்கென்றே மாசியில் வந்துவிடுவார், கையில் ஒரு பிஸ்கட் டின்னோடு.