உரித்து ஒட்டிய ஒன்பது ஸ்டிக்கர்கள்

கம்ப்யூட்டர் அக்காவுக்குக் கால் ஒரு இடத்தில் நிற்காது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் மூன்று மாடிகளிலும் சேர்த்து முப்பத்தோரு கம்ப்யூட்டர்கள். அத்தனைக்கும் அவள் ஒருத்திதான். பழுதானதைப் பார்ப்பது போக, நன்றாக ஓடிக்கொண்டிருப்பதன் பின்னாலும் தலையை விட்டு ஒயரை அசைத்துப் பார்ப்பாள். "அது ஒழுங்காத்தானேக்கா இருக்கு, எதுக்கு நோண்டுறீங்க?" என்று பதிவு மேஜைக்காரி கேட்டால், "ஒழுங்கா இருக்கும்போதுதான் பாக்கணும்" என்பாள்.

வீட்டில் அவள் கணவர் தையல்காரர். காலையில் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். "நம்ம ரெண்டு பேரையும் கலந்து பாதியாப் பிரிச்சா ரெண்டு நல்ல மனுஷங்க கிடைப்பாங்க" என்று சிரிப்பார். அவளுக்குச் சிரிப்பு வராது. சும்மா உட்கார்ந்தால் வேண்டாத ஞாபகமெல்லாம் வரும், நடந்துகொண்டிருந்தால் வராது. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. தன் பொறுப்பில் இருக்கும் எந்த மெஷினிலும் திருட்டு ஆபரேட்டிங் சிஸ்டம் கிடையாது என்பதுதான் அது. பழைய கம்ப்யூட்டர் உயிரை விட்டால், பழைய சாமான்காரரிடம் போடுவதற்கு முன் அதன் பக்கவாட்டில் இருக்கும் லைசன்ஸ் ஸ்டிக்கரைக் காப்பாற்றிவிடுவாள். தலைமுடி உலர்த்தும் மெஷினை எடுத்து ஸ்டிக்கர்மேல் சூடான காற்றைக் காட்டுவாள். பசை இளகியதும் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிழியாமல் உரிப்பாள். பிறகு பிஸ்கட் டப்பாவுக்குள் பத்திரம். பாகம் பாகமாக வாங்கிப் புது மெஷின் பூட்டும்போது, டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து அதன்மேல் ஒட்டுவாள். அதிலிருக்கும் இருபத்தைந்து எழுத்துகளை அடித்து, திரையில் வரும் எண்ணை ஃபோனில் பேசும் பதிவுசெய்த குரலிடம் சொன்னால், அது பதிலுக்கு ஒரு எண் சொல்லும். மெஷின் ஏற்றுக்கொள்ளும். இப்படி ஒன்பது மெஷின்கள். "காசு குடுத்து வாங்கின லைசன்ஸு, எதுக்குக் குப்பைக்குப் போகணும்?" என்பாள். ஒரு கூட்டத்தில் நிர்வாகியே எழுந்து அவளுடைய சிக்கனத்தைப் பாராட்டியிருக்கிறார்.

அந்த நிர்வாகிதான் ஒரு திங்கட்கிழமை காலை அவளைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். ஆபரேட்டிங் சிஸ்டம் தயாரிக்கும் கம்பெனியிலிருந்து வந்திருந்தது. வெள்ளிக்கிழமை இரண்டு பேர் வருவார்கள், ஒவ்வொரு மெஷினின் லைசன்ஸையும் சரிபார்ப்பார்கள்.

"நமக்கென்னம்மா, நீங்க இருக்கீங்க. எல்லாம் சரியா இருக்குன்னு ஒரு லெட்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்துடுங்க" என்றார் அவர்.

"இன்னைக்கே தர்றேன் சார்" என்று சொல்லிவிட்டுத் துள்ளிக்கொண்டு வந்தாள். கையெழுத்துப் போடுவதற்கு முன்தான் அந்த வினை அவளைப் பிடித்தது. நோண்டுகிற கை சும்மா இருக்குமா? ஆபரேட்டிங் சிஸ்டத்தை மெஷினில் ஏற்றும்போது வரும் நீளமான ஒப்பந்தத்தை முதல் தடவையாகத் திறந்து படித்தாள். அடியில் "ஒப்புக்கொள்கிறேன்" என்று ஒரு பட்டன் இருக்குமே, அதை அவள் எத்தனை தடவை அழுத்தியிருப்பாளோ, கணக்கே இல்லை. படித்தது ஒரு தடவைகூட இல்லை. பதினோராவது பக்கத்தில் ஒரு வரியில் கண் நின்றது. கணினியோடு சேர்த்து விற்கப்பட்ட உரிமம் அந்தக் கணினிக்கு மட்டுமே உரியது, வேறொன்றுக்கு மாற்ற முடியாது என்று போட்டிருந்தது.

மூன்று தடவை படித்தாள். மூன்று தடவையும் அதேதான். மொட்டைமாடிக்குப் போய், கம்ப்யூட்டர் சாமான் விற்கும் கடைக்காரருக்கு ஃபோன் போட்டாள்.

"இதுகூடத் தெரியாதாம்மா உங்களுக்கு?" என்றார் கடைக்காரர். "ரெடிமேடா கம்ப்யூட்டர் வாங்குறீங்கல்ல, அதோட வர்ற லைசன்ஸ் அதோடயே செத்துடும். தனியாப் பெட்டியில வாங்குற லைசன்ஸ் வேற. அதை ஒரு மெஷின்லேருந்து அழிச்சுட்டு இன்னொண்ணுல போட்டுக்கலாம். ஆனா ஒரு நேரத்துல ஒரு மெஷின்லதான். அப்புறம் மொத்தமா வாங்குறது. அது ஆஃபீஸ் பேர்ல இருக்கும், எத்தனைக்கு வாங்கினீங்களோ அத்தனைக்கு. உங்க ரத்தம் பாக்குற மெஷினோட வர்ற கம்ப்யூட்டர் இருக்கு பாருங்க, அதுல அந்த ஒரு வேலை மட்டும்தான் பாக்கலாம்னு லைசன்ஸே இருக்கும்."

"இலவசமாக் கிடைக்குதே, அது?"

"அதுக்கும் லைசன்ஸ் உண்டும்மா. அதை எத்தனை மெஷின்ல வேணாலும் போடு, உள்ளே பிரிச்சுப் பாரு, மாத்து, மத்தவங்களுக்கும் குடுன்னு சொல்ற லைசன்ஸ். மாத்தி வெளியில குடுத்தா, மாத்தினதையும் தெறந்து காட்டணும்பாங்க சில பேரு. அவ்வளவுதான்."

"ஃபோன்ல நம்பர் சொன்னா அது ஏத்துக்கிச்சே அண்ணே!"

"பூட்டு தெறந்துடுச்சுன்னா வீடு உங்களோடதாயிடுமா?" என்றார் கடைக்காரர். பிறகு குரலைத் தணித்து, "எதுக்குப் பதறுறீங்க? உள்ளே இருக்கிற போர்டு கெட்டுப்போச்சு, ரிப்பேர்ல மாத்தினோம்னு சொல்லிடுங்க. அதுக்கு அனுமதி உண்டு. ஸ்டிக்கரும் மேலே இருக்கு. எவன் தோண்டப் போறான்?" என்றார்.

வழி இருந்தது. ஒரே ஒரு பொய், அதுவும் யாரும் கேட்டால் மட்டும். அவள் மாடியை நாலு சுற்றுச் சுற்றினாள். இறங்கி வந்து பதிவு மேஜையின் ஒயரைப் பிடுங்கித் திரும்பச் சொருகினாள். மறுநாளும் அப்படித்தான். கையெழுத்துப் போடாத கடிதம் கைப்பையில் மடங்கிக் கிடந்தது. ராத்திரி தட்டை வைத்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனவளை, "உக்காரேன், என்னன்னு சொல்லேன்" என்று கணவர் கேட்டார். "ஒண்ணுமில்ல" என்றாள். அவள் ஒன்றுமில்லை என்றால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியும், ஆனாலும் விட்டுவிட்டார்.

அவளை ஆட்டிவைத்தது வேலை போய்விடும் என்ற பயம் மட்டும் இல்லை. ஒரு மனிதர்.

ஆறு வருஷத்துக்கு முன் அந்தக் கூடத்தில் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவராக இன்னொருவர் இருந்தார். ஆள் பனைமரம் மாதிரி இருப்பதால் எல்லோருக்கும் அவர் நெட்டை அண்ணன். அவருக்குக் கீழேதான் இவள் வேலை பார்த்தாள். அவர் தனிப்பெட்டியில் ஒரு லைசன்ஸ் வாங்கி மூன்று மெஷினில் போட்டுவிட்டார். இவள் கண்டுபிடித்தாள். கண்டுபிடித்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

அந்தக் கூடத்தில் பிழைத் தாள் என்று ஒன்று உண்டு. ரத்தக் குழாயில் பெயர் மாற்றி ஒட்டினாலும் சரி, ரிப்போர்ட் இடம் மாறினாலும் சரி, தப்புச் செய்தவர் தன் கையால் அதை எழுதித் தர வேண்டும். என்ன நடந்தது, எப்படிச் சரிசெய்வது என்பதோடு இரண்டு கட்டங்கள் இருக்கும். தெரிந்து, தெரியாமல். ஏதாவது ஒன்றில் குறி போட வேண்டும். தெரியாமல் என்றால் திருத்திக்கொள்ளச் சொல்லி விட்டுவிடுவார்கள். தெரிந்து என்றால் கதை வேறு.

நெட்டை அண்ணன் அந்த வாரம் குழந்தைக்குக் காய்ச்சல் என்று லீவில் இருந்தார். அவசரம் என்று சொல்லி இவளே அவருக்காக அந்தத் தாளை எழுதினாள். குறி போட்டது "தெரிந்து" கட்டத்தில். அவர் திரும்பி வந்து, "பெட்டியை வாங்கிட்டா நம்மளோடதுன்னுதாம்மா நெனச்சேன், சத்தியமா எனக்குத் தெரியாது" என்றபோது, இவள் பத்துப் பேர் முன்னிலையில் கேட்டாள்: "மூணு மெஷின்லயும் ஒப்புக்கொள்கிறேன்னு அழுத்தினீங்களே, அப்பவும் தெரியலையா?" எல்லோரும் சிரித்தார்கள். மாதக் கடைசியில் அவரை அனுப்பிவிட்டார்கள். அவருடைய நாற்காலி இவளுக்கு வந்தது.

வியாழக்கிழமை காலை அவள் நிர்வாகியின் அறைக்குள் போனாள். ஒரு கையில் பிழைத் தாள், இன்னொரு கையில் பிஸ்கட் டப்பா. மிச்சமிருந்த நாலு ஸ்டிக்கர் அதற்குள் இருந்தன.

நிர்வாகி படித்தார். அவர் முகம் சுருங்கியது. "ஒன்பதா? நாளைக்கு ஆள் வர்றாங்களேம்மா!"

"அஞ்சு மெஷின் பதிவு மேஜைதான் சார். அதுல இலவச சிஸ்டமே போதும், இன்னைக்கு சாயங்காலத்துக்குள்ள மாத்திடுவேன். நாலுக்குப் புதுசா லைசன்ஸ் வாங்கித்தான் ஆகணும். நாளைக்கு வர்றவங்ககிட்ட ஒன்பதையும் நானே சொல்லிடுறேன்."

அவர் தாளைத் திரும்பப் பார்த்தார். "தெரியாமல்னு குறி போட்டிருக்கீங்க. நிஜமாவே தெரியாதா?"

"தெரியாது சார். ஒரு தடவைகூடப் படிச்சதில்ல."

"சரி, உக்காருங்க. தெரியாம நடந்ததுதானே, பாத்துக்கலாம்."

இவ்வளவுதானா? நாலு நாள் சோறு இறங்காமல் கிடந்ததற்கு இரண்டே வார்த்தை. அவளுக்கு நிம்மதி வரவில்லை. அவமானம்தான் வந்தது, காது வரைக்கும் சுட்டது. அவள் உட்காரவில்லை.

"சார், நெட்டை அண்ணனோட பிழைத் தாள் ஃபைல்ல இருக்கும். அதை எடுக்கணும்."

"எதுக்கு?"

"அவருக்கும் தெரியாது சார். அது அந்தத் தாளை எழுதும்போதே எனக்குத் தெரியும். நான்தான் வேணும்னே தெரிந்துன்னு குறி போட்டேன். அந்த நாற்காலி வேணும்னு இருந்துச்சு."

நிர்வாகி கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். வெளியே குழாய்த் தட்டுகளைத் தள்ளிக்கொண்டு போகும் வண்டிச் சத்தம் கேட்டது. "ஆறு வருஷம் ஆச்சேம்மா. அந்த மனுஷன் இப்ப எங்க இருக்காரோ" என்றார்.

"பின் தெருவுல ஃபோன் ரிப்பேர் கடையில வேலை பாக்குறார் சார். என் வீட்டுக்கு அதுதான் நேர் வழி. ஆறு வருஷமா நான் சுத்திக்கிட்டுத்தான் போறேன்."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து பழைய தாளை எடுத்துக் கொடுத்தார். அவள் பழைய குறியை அடித்து, பக்கத்துக் கட்டத்தில் புதுக் குறி போட்டு, கீழே தன் கையெழுத்தும் தேதியும் போட்டாள். ஒரு நகல் கேட்டு வாங்கிக்கொண்டாள். "உங்க விஷயத்தை இனிமே நான் மட்டும் முடிவு பண்ண முடியாது" என்றார் அவர். "தெரியும் சார்" என்றாள்.

ஐந்து மெஷினையும் மாற்றி முடிக்கச் சாயங்காலம் ஆகிவிட்டது. கூடத்தை விட்டு இறங்கியவள், பழக்கத்தில் சுற்றுவழிப் பக்கம் பத்தடி போய்விட்டுத் திரும்பினாள். பின் தெருவில் நாலாவது கடை. நெட்டை அண்ணன் கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஒரு ஃபோனைப் பிரித்துவைத்து அதன்மேல் குனிந்திருந்தார். முடி நிறைய நரைத்திருந்தது. அவள் நகலை மேஜைமேல் வைத்தாள்.

"என்ன கோளாறு?" என்றார் அவர், தலையை நிமிர்த்தாமல்.

எதிரில் வாடிக்கையாளருக்கு ஒரு ஸ்டூல் கிடந்தது. அவள் அதில் உட்கார்ந்தாள்.

"படிச்சுப் பாருங்கண்ணே" என்றாள். "நீங்க படிக்கிற வரைக்கும் இருக்கேன்."