மதகுச் சுவரில் ஒரு நூல்

செய்தி வந்தபோது நான் டீக்கடையில் பவித்ராவைப் பற்றித்தான் அளந்துகொண்டிருந்தேன். "ஜெர்மனியில என் அக்கா பொண்ணு கண்ணசைச்சா செயற்கைக்கோளே பிரேக் போட்டு நிக்கும்." கடைக்காரர் முனுசாமி, "நின்னா கீய வுயாதா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்போது அக்காவின் போன் வந்தது. அங்கே சைக்கிளில் போன பவித்ராவை லாரி அடித்துக் கொன்றுவிட்டது.

அவள் படிக்கப் புறப்பட்டபோது உத்திரமேரூர் பஸ் நிலையத்தில் ஆளுயரத்துக்குப் பத்து மடங்காக பேனர் வைத்தேன். 'விண்ணை ஆளப் போகும் வீராங்கனையே!' அதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "மாமா, நான் ராக்கெட்ல போவல, ஃபிளைட்ல போறேன்." அந்தப் படத்தைத்தான் இப்போது கண்ணீர் அஞ்சலிக்கும் போட்டோம். வேறு படம் என்னிடம் இல்லை.

அவள் வேலை, அவளை நினைத்து இங்கே கூடியிருக்கும் உங்களில் பலருக்குத் தெரியும். செயற்கைக்கோள் எடுத்த படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எந்தப் பாலம், எந்த அணை மில்லிமீட்டர் கணக்கில் அசைகிறது என்று கண்டுபிடிப்பாள். "நீ யானைய பாக்கற, நான் எறும்ப பாக்கறேன் மாமா" என்பாள். நம் ஊர் ஏரிக்கரையையும் பிரியமாக அந்தக் கணக்கில் சேர்த்திருந்தாள்.

கடைசியாகப் பேசியது அதைப் பற்றித்தான்.

"மாமா, மதகாண்ட கரை எறங்கறாப்போல காட்டுது. சுவத்துல விரிசல் கீதான்னு பாத்து சொல்லேன்."

"மலையாட்டம் நிக்கிது. உன் செயற்கைக்கோளுக்குத்தான் கண்ணு மங்கிக்கினு கீது!"

"நெஜமா போய்ப் பாத்தியா?"

"கையால தொட்டுக்கினேதான் பேசறேன்."

கையில் இருந்தது போண்டா. அவள், "அப்போ என் கணக்குதான் தப்பு" என்றாள். என் எந்தப் பொய்யையும் நம்பாதவள் இதை நம்பிவிட்டாள்.

காரியம் முடிந்த மறுநாள் மதகுக்குப் போனேன். விரிசல் இருந்தது. ஊருக்குள் ஓடிவந்து சொன்னேன். "இன்னாபா, ஒட்டகம் பூந்துக்கினு போவுமா?" என்றார் முனுசாமி. அவர்மேல் தப்பில்லை, இத்தனை வருஷமாக நான் அப்படித்தான் பழக்கி வைத்திருக்கிறேன். கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினேன். சுவரைத் தடவிப் பார்த்தவர், துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். மழைக்கு முன் கட்டிவிடுவார்களாம். ஊர் பிழைத்தது. தன் கணக்கு சரிதான் என்பது அவளுக்குத் தெரியாமலே போயிற்று.

அவள் உடைமை எல்லாம் அக்காவிடம் இருக்கிறது. எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அவள் கேட்ட ஒரு கேள்விதான்: "நெஜமா போய்ப் பாத்தியா?"

பார்த்தேன், பவித்ரா. கொத்தனாரைக் கூட்டிப்போய் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். கொத்தனார் கணக்கில் ஒரு நூல் அகலம், அதாவது அரைக்கால் அங்குலம். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை.