அண்ணன் கொடுத்த ஒன்பது பந்துகள்

1. தொழில்முறைக் கால்பந்து அணியில் ஆடும் என் அண்ணன், மைதானத்தின் இடது ஓரமாகப் பந்தோடு ஓடினான்.
2. இரண்டு பேரைத் தாண்டி, கோலுக்கு முன்னால் பந்தைத் தூக்கிக் கொடுத்தான்.
3. அங்கே நின்றவர் அதைத் தலையால் முட்டிக் கோலாக்கினார்.
4. கேமரா அவர் பின்னாலேயே போய்விட்டது.

மாப்பிள்ளையின் வேலையைப் பார்க்க வேண்டுமென்று பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து வந்த பெண்வீட்டார், அரூரில் எங்கள் வீட்டு டிவி முன் உட்கார்ந்திருந்தார்கள்.

"கோல் போட்டது மாப்பிள்ளைங்களா?" என்றார் பெண்ணின் அப்பா.

"இல்லீங்க, பந்து குடுத்தது அண்ணன். இந்த வருசம் இதோட ஒம்பது குடுத்திருக்காருங்க."

லேப்டாப்பில் நான் போட்டுவைத்திருந்த பட்டியலில் இதையும் சேர்த்துக் காட்டினேன். 'கோல் அடித்தவர்' என்ற கட்டத்தில், ஒன்பது வரியிலும் இருந்த ஒரே பெயரில் அவர் விரல் நின்றது.

"ஒம்பதும் இந்தத் தம்பிதாங்களா? இவருக்குக் கல்யாணம் ஆயிடுச்சுங்களா?"

ஆகிவிட்டது, இரண்டு குழந்தைகள். அண்ணனுக்கு இன்னும் பெண் பார்த்துக்கொண்டிருக்கிறோம். பட்டியலில் அந்தக் கட்டத்தை நீக்கிவிட்டேன்.