வள்ளிநாயகி கட்டிய ஊர்வலம்

வள்ளிநாயகிக்குப் பொருள்களை வரிசையில் வைக்காவிட்டால் சோறு இறங்காது. அம்மா கழுவிக் கவிழ்த்த டம்ளர்களை உயரப்படி அடுக்கிக்கொண்டிருந்த பிள்ளை, கோலாலம்பூரில் கணினி படித்து, ராசா டவுனில் ஒரு தனியார் கல்லூரியில் பாடம் நடத்தும் வேலைக்கு வந்த பிறகும் மாறவில்லை. மேசைமேல் பேனாக்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்க்க வேண்டும். மம்பாவுக்கு அப்பால் இருந்த, பிறந்த ரப்பர்த் தோட்டத்திலிருந்துதான் தினமும் மோட்டார் சைக்கிளில் போய்வந்தாள். "டவுன்ல ரூம் எடுத்துக்கலாமே" என்று கேட்டால், "என் கிளாஸ் இங்கல்ல இருக்கு" என்பாள்.

அந்தக் கிளாஸ்தான் அவளுக்கு உயிர். கல்லூரி கழித்துவிட்ட பழைய கணினி ஒன்றைக் கேட்டு வாங்கி, தோட்டத்து ஹாலின் பக்க அறையில் வைத்திருந்தாள். பால்மரம் சீவிவிட்டு வந்த பெண்கள் சனிக்கிழமைகளில் அங்கே உட்கார்ந்து, விரலில் ரப்பர்ப் பால் வாசனை போகாமலே, தங்கள் பெயர்களை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டிப் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள்.

தொண்ணூற்றெட்டாம் வருடத் திருவிழா நெருங்கியபோது அந்த அறைக்கு ஆபத்து வந்தது. தோட்டத்து மேஸ்திரியும் கோயில் கமிட்டித் தலைவருமான மண்டோர் நல்லசாமி வாசலில் வந்து நின்றார்.

"பாப்பா, பையனுங்க கேரம் வெளையாட எடம் கேக்குறானுங்க லா. இந்தப் பொட்டி கோயிலுக்கு ஏதாச்சும் பண்ணுமா? பண்ணுச்சுன்னா ரூம் ஒனக்கு. இல்லன்னா கேரம் போர்டுக்கு."

"என்ன பண்ணணும் மாமா?"

"ஊர்வல வரிசை. நான் எழுதுனா சண்டை. மெஷின் எழுதுனா எவன் பேசுவான்?"

சண்டை பழையது. தோட்டத்தின் இரண்டு பகுதிகளான மேல் டிவிசனும் கீழ் டிவிசனும் வருடம் மாற்றி வருடம் கரகத்துக்கு அடுத்து நடக்கும். சென்ற வருடம் மேல் டிவிசனின் முறை. ஆற்றில் வெள்ளம் வந்து ஊர்வலமே நின்றுபோனது. அந்த முறை கழிந்ததா, இன்னும் இருக்கிறதா? இதற்கு மூன்று கூட்டம் போட்டார்கள். கடைசியில் கீழ் டிவிசன்காரரான நல்லசாமியே இறங்கிவந்தார். மேல் டிவிசன் முன்னால் போகட்டும், ஆனால் தங்கள் ஆள் வீரமுத்து அடிக்கும் உறுமி மேளம் கீழ் டிவிசனோடுதான் நடக்கும் என்று பேச்சு முடிந்தது.

வள்ளிநாயகி கல்லூரியில் கற்ற கணினி மொழி ஒன்று இருந்தது. இதைச் செய், அதைச் செய் என்று அது ஏவச் சொல்லாது. எது எதனுடன் எப்படிச் சேர்கிறது என்று சொன்னால் போதும். கூட்டல் பெருக்கல் போல நமக்கு வேண்டிய குறிகளை நாமே செய்துகொள்ளலாம். அவள் இரண்டு செய்தாள். 'பின்னால்' என்பதற்கு ஓர் அம்பு. 'உடன்' என்பதற்குக் கூண்டுக்குள் ஒரு கூட்டல்.

பெயர்களைத் தமிழில் எழுதப் போனபோது வேறு வேடிக்கை. உலக எழுத்துகளுக்கெல்லாம் தனித்தனி இருக்கை போடும் புதிய ஏற்பாடு பற்றி அவள் படித்திருந்தாள். அது இந்தக் கிழட்டுப் பெட்டிக்கு வந்து சேரவில்லை. அவளிடம் இருந்த தமிழ் எழுத்துரு ஐரோப்பிய எழுத்துகளின் நாற்காலிகளில் இடம்பிடித்து உட்கார்ந்திருந்தது. கணினி ஆளைப் பார்க்கவில்லை, நாற்காலியைத்தான் பார்த்தது. 'கீழ்' உட்கார்ந்தது சின்ன எழுத்தின் நாற்காலி, பெயராக ஏற்றுக்கொண்டது. 'மேல்' உட்கார்ந்தது பெரிய எழுத்தின் நாற்காலி. அந்த மொழியில் பெயர்கள் பெரிய எழுத்தில் தொடங்கக் கூடாது; ஏற்க முடியாது என்றது. ஆங்கிலத்தில் A பெரியது, a சின்னது; தமிழில் ஏது பெரிய எழுத்து, சின்ன எழுத்து? மேல் டிவிசனை மட்டும் பெரிய ஆளாக்கிய இந்தச் செய்தி வெளியே போனால் நான்காவது கூட்டம் போடவேண்டி வரும். ஒருவரிடமும் சொல்லாமல் எல்லாப் பெயர்களுக்கும் முன்னால் ஒரு சின்ன x செருகினாள்.

xகரகம் ~> xமேல் ~> xகீழ் <+> xஉறுமி

வெள்ளிக்கிழமை மாலை அச்சுப்பொறி கறகறத்தது. தாள் முழுசாக வெளியே வருவதற்குள் நல்லசாமி கிழித்துக்கொண்டு போய்க் கோயில் பலகையில் ஒட்டிவிட்டார். கொஞ்ச நேரத்தில் மேல் டிவிசன் மங்கம்மா புயலாக வந்தாள். பின்னால் நல்லசாமியும், உறுமியைத் தோளில் மாட்டியபடியே வீரமுத்துவும்.

"ஏ புள்ள! உறுமி அவுங்களோட போகணும்னுதான பேச்சு? மொத வரியில கரகம், பக்கத்துலயே உறுமி! நாங்க எடுப்பா தெரியக் கூடாதுன்னு மண்டோர் சொல்லிக் குடுத்தாரா?"

"நான் என்னத்தக் கண்டேன்? மெஷினக் கேளு லா!"

"மெஷினு! அறைய அடச்சுட்டுக் கேரம் போர்டே போடுங்க!"

வள்ளிநாயகி திரைப் பக்கம் திரும்பினாள். வரியைப் பார்த்தாள். உடனே புரிந்தது. பெருக்கல் கூட்டலைவிட இறுக்கமாகப் பிடிக்கும் என்று கணினிக்குத் தெரியும். அவள் செய்த குறிகளுக்கு எவ்வளவு இறுக்கம் என்று அவள்தான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாததால் இரண்டுக்கும் ஒரே பிடியைக் கொடுத்து, இடமிருந்து வலமாகக் கட்டிக்கொண்டே போய்விட்டது.

"அத்தே, மூலையில இருக்குற அந்த வாளிய எடுங்க. அதுதான் கரகம். ஒரு கையில வாளி, இன்னொரு கையில மாமா கையப் புடிங்க."

"மண்டோர் கையவா? எம் புருசன் வெளிய நிக்கிறாரு லா!"

"நல்லாப் புடி, ஓடிட மாட்டேன்" என்றார் நல்லசாமி.

"நான் நெனச்சது, வீரமுத்து அண்ணன் மாமாவோட மட்டும் சேரணும்னு. ஆனா மெஷின் வாளி, நீங்க, மாமான்னு மூணு பேரையும் மொதல்லயே கட்டிப்புடுச்சு. அப்பறம்தான் அண்ணனக் கூப்புட்டுச்சு. இப்ப எங்க நிப்பீங்க அண்ணே?"

வீரமுத்து யோசித்தார். "மொத்தக் கூட்டத்தோட சேருன்னா தலைமாட்டுலதான் நிக்கணும்." வாளிப் பக்கம் போய் நின்றார். நின்றவர் சும்மா இருப்பாரா? உறுமியை இழுத்தார்.

வாளி நடந்தது, மங்கம்மா நடந்தாள், மண்டோரும் நடந்தார். ஹாலை ஒரு சுற்றுச் சுற்றி வருவதற்குள் மூன்று பேர் காலும் ஒரே தாளத்தில் விழுந்தது. மங்கம்மா திடீரென்று நின்றாள்.

"ஒவ்வொரு வருசமும் இது பின்னாடி எங்கயோ உறுமும். எங்க காவடிக்காரனுங்களுக்குக் கேக்கவே கேக்காது. லாரி ஹாரனுக்குத்தான் ஆடுவானுங்க." வாளியைக் கீழே வைத்தாள். "முன்னாடியே இருக்கட்டும்."

நல்லசாமி மீசையைத் தடவிச் சிரிப்பை மறைத்துக்கொண்டார். "மொதல்ல போறது நீங்க. முன்னாடி அடிக்கிறது எங்க உறுமி. செரியா?"

"செரி. கைய விடுங்க."

"ஆனா அது தப்பா வந்தது மாமா" என்றாள் வள்ளிநாயகி.

"அப்ப சரியா எழுதிடு லா!"

கரகத்தையும் இரண்டு டிவிசன்களையும் ஓர் அடைப்புக்குள் போட்டு, உறுமியை வெளியே நிறுத்தினாள். இரண்டாவது தாள் வந்தது. நல்லசாமி இரண்டையும் சேர்த்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"ரெண்டும் ஒண்ணாத்தான இருக்கு?"

"மொத தாளு மெஷின் இஷ்டத்துக்கு வந்தது மாமா. இது நாம கேட்டு வந்தது. இத ஒட்டுங்க."

அவர் இரண்டாவது தாளை ஒட்டினார். ஊர்வலம் சண்டையில்லாமல் கோயில் வந்து சேர்ந்தது. கேரம் போர்டு ஜம்பு மரத்தடிக்குப் போனது.

அடுத்த சனிக்கிழமை கிளாஸுக்கு முதல் ஆளாக வந்தவள் மங்கம்மா. தன் பெயரையும் அந்த வரிசையில் போடச் சொன்னாள். வள்ளிநாயகி தட்டிக் காட்டினாள்: xமங்கம்மா.

மங்கம்மா திரையருகே குனிந்து பார்த்தாள். "முன்னாடி என்னா அது, இனிசியலா? எங்கப்பா பேரு சின்னையா லா. எக்ஸ் எங்கேருந்து வந்துச்சு?"

வள்ளிநாயகி பெரிய எழுத்து சின்ன எழுத்துக் கதையைச் சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள். x-ஐ அழித்துவிட்டு, சின்னையாவுக்கு ஒரு சின்ன s போட்டாள். கணினி முணுமுணுக்காமல் ஏற்றுக்கொண்டது.

"இப்ப செரி" என்று மங்கம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.