முட்கம்பிக்கு மேலே காய்த்த மரம்

எங்கள் மாமரம் ஒருநாளும் காய்த்ததில்லை. சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பி வந்து குடியேறிய வருடம் அம்மா வைத்த கறுத்தக்கொழும்பான் ஒட்டுக்கன்று. வேலிக்குக் கட்டை கிடைக்காத காலம் அது. கன்று கொஞ்சம் தடித்ததும் அப்பா அதையே கட்டையாக்கி, முட்கம்பியை அடிமரத்தில் சுற்றி முறுக்கிவிட்டார்.

இந்த வருடம் கொப்பெல்லாம் பூத்து, இலை தெரியாமல் காய்த்தது. கம்பசிலிருந்து லீவில் வந்த என்னை அம்மா வாசல் படலையிலேயே மறித்தார்.

“பாத்தியே? நீ உரம் போடச் சொன்னாய். ஒண்டும் போடேல்ல, காய்ச்சுக் கொட்டுது!”

அடிமரத்தைப் பார்த்தேன். கம்பியைப் பட்டை விழுங்கியிருந்தது. அதற்கு மேலே மரம் புடைத்தும் கீழே மெலிந்தும் நின்றது. புடைப்பை விரலால் தடவிப் பார்த்தேன்.

வேர் உறிஞ்சும் தண்ணீர் உள்மரத்தின் வழியே மேலே ஏறும். இலை ஆக்கும் சாப்பாடு பட்டையின் உட்புறத்தால் வேருக்கு இறங்கும். கம்பி நெரித்தது அந்த இறங்குவழியை. இறங்க முடியாத இனிப்பெல்லாம் மேலேயே தங்கிக் காயாகியிருந்தது. வேர் பட்டினி.

சொன்னேன். அப்பா சிரித்தார்.

“பட்டினி கிடக்கிற மரமோடி இப்பிடிக் காய்க்கும்? இலை பச்சையாத்தானே நிக்குது?”

“தண்ணி இன்னும் ஏறுதப்பா. வேர் சாகுமட்டும் ஏறும்.”

“நல்ல நாளிலதான் உனக்குச் சாவுக் கதை வரும்” என்றார் அம்மா.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்த முதல் ஆள் நான். அந்தத் திமிரோடு கம்பி வெட்டும் குறட்டைக் கையில் எடுத்தேன். வெளியே தெரிந்த முனைகளை மட்டுமே வெட்ட முடிந்தது. பிறகு மேல்கொப்பில் குச்சிகள் வெட்டி, நெரிபட்ட இடத்துக்கு மேலும் கீழும் பட்டைக்குள் செருகிக் கட்டினேன். ஒரு குச்சியாவது ஒட்டிப் பாலமாகப் பிடித்தால் வேருக்குச் சாப்பாடு இறங்கும். ஒவ்வொன்றாகக் காய்ந்தன.

பழங்களை அம்மா அயலெல்லாம் கொடுத்தார். நானும் சாப்பிட்டேன். அப்படியோர் இனிப்பை நான் தின்றதில்லை. வேருக்குப் போயிருக்க வேண்டியது அது.

ஆவணி வெயிலில் நுனிக்கொப்புகள் சுருண்டன. அம்மா கிணற்றிலிருந்து வாளி வாளியாக ஊற்றினார். மண் குடித்தது. மரம் குடிக்கவில்லை. நான் சொன்னது சரியென்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தாங்கியிருக்க மாட்டேன்.

நேற்றுப் பின்னேரம் அம்மா வாளியோடு நின்று, முதல்தடவையாக என்னிடம் கேட்டார்.

“பிள்ளை, நீ படிச்சனி. இன்னும் எவ்வளவு தண்ணி விட வேணும்?”

வாளியை அவர் கையிலிருந்து வாங்கி, அடியில் ஊற்றினேன்.