குடும்பத்துக்கே ஆகாத மாத்திரை

"உங்களுக்கு எந்த ஆன்டிபயாடிக் ஒத்துக்காது?" என்று டாக்டரம்மா கேட்டபோது, கொஞ்சமும் யோசிக்காமல் பதில் சொன்னேன்.

"எதுவுமே ஒத்துக்காது டாக்டர்."

பல வருஷங்களாக நான் சொல்லிவரும் வசனம் இது. பல் டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன், கண் டாக்டரிடம் சொல்லியிருக்கிறேன், வீட்டுக்குத் தடுப்பூசிக் கணக்கெடுக்க வந்த நர்ஸிடம்கூட அவர் கேட்காமலே சொல்லியிருக்கிறேன். சொன்னதும் எல்லாரும் கொஞ்சம் மரியாதையாகப் பார்ப்பார்கள். அதில் எனக்கு ஒரு சின்னப் பெருமைகூட உண்டு — உங்களிடம் மறைப்பானேன்?

இந்த டாக்டரம்மா மரியாதையாகப் பார்க்கவில்லை. "எதுவுமேன்னா எப்படிம்மா? பேர் சொல்லுங்க" என்றார்.

விஷயம் இதுதான். கொஞ்ச நாளாகவே எனக்கு வயிறு எரிந்துகொண்டிருந்தது. எங்களுக்கு உடன்குடிப் பக்கம். பிறந்த வீட்டில் கருப்பட்டி வியாபாரம். வயிற்றில் என்ன வந்தாலும் முதல் வைத்தியம் சுக்கும் கருப்பட்டியும்தான். குடித்தேன். இன்னும் நன்றாக எரிந்தது. கடைசியில், நாங்கள் இப்போது இருக்கும் தூத்துக்குடியிலேயே இந்த வயிற்று டாக்டரம்மாவைப் பார்த்தோம். வாய் வழியாகக் குழாயை விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் புண். அதற்குக் காரணம் ஒரு கிருமி. அது நிறையப் பேர் வயிற்றில் சும்மா குடியிருக்குமாம். பலருக்கு ஒரு தொந்தரவும் தராதாம். என் வயிற்றில் மட்டும் சும்மா இருக்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது.

அதை விரட்ட ஒரு மாத்திரை போதாதாம். இரண்டு, மூன்று ஆன்டிபயாடிக்கைச் சேர்த்து இரண்டு வாரம் சாப்பிட வேண்டுமாம். எனக்கு ஒன்றே ஆகாது. இதில் கூட்டணி வேறா?

"பேர் தெரியாது டாக்டர். அது ஒரு செட்டில் இருந்தது" என்றேன்.

செட் என்றால் என்ன என்று நம் பக்கத்து வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மெடிக்கல் கடைக்குப் போய், "அண்ணாச்சி, காய்ச்சலும் தொண்டை வலியும். ஒரு செட் குடுங்க" என்றால் போதும். அண்ணாச்சி நாலைந்து அட்டைகளிலிருந்து ஒவ்வொன்றாக வெட்டி, ஒரு சின்னக் காகிதக் கவரில் போட்டுத் தருவார். அதில் பேரும் இருக்காது, ஊரும் இருக்காது. நாமும் கேட்க மாட்டோம். காய்ச்சல் போகுதா, அதுதானே வேண்டும்?

என் அண்ணன் மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் அப்படி ஒரு செட் வாங்கிப் போட்டேன். சாயங்காலத்துக்குள் உதடு பலாச்சுளை மாதிரி வீங்கிவிட்டது. உடம்பெல்லாம் தடிப்பு. மூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை, மறுநாளே வடியத் தொடங்கிவிட்டது. ஆனால் அதற்குள் கல்யாணத்துக்கு வந்திருந்த மொத்தச் சொந்தமும் வரிசையில் நின்று பார்த்துவிட்டது. அன்றைக்குப் பொண்ணையும் மாப்பிள்ளையையும் பார்த்தவர்களைவிட என் உதட்டைப் பார்த்தவர்கள்தான் அதிகம்.

"அந்தக் கவர்ல என்னென்ன இருந்துச்சு?" என்றார் டாக்டர்.

"ஒரு வெள்ளை, ஒரு மஞ்சள்..." என்று ஆரம்பித்தேன்.

"மஞ்சள் இல்ல, ரோஸ்" என்றார் என் வீட்டுக்காரர்.

"நீங்க எப்பப் பாத்தீய? நீங்க பந்தல்காரன்கூட சண்ட போட்டுக்கிட்டுல்லா இருந்தீய."

டாக்டரம்மா கை காட்டி எங்களை நிறுத்தினார். பிறகு நிதானமாகப் பேசினார். செட்டில் பெனிசிலின் வகை ஏதாவது இருந்திருக்கலாம். வலி மாத்திரையால்கூட அப்படி வீங்கலாம். எது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. இந்தக் கிருமிக்கு வழக்கமாகத் தரும் மாத்திரைகளில் பெனிசிலின் வகையும் ஒன்று. அது இல்லாத வேறு கோர்ஸும் உண்டு. அதற்கும் பயமாக இருந்தால், அலர்ஜி டாக்டரைப் பார்த்து, ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பரிசோதித்துக்கொண்டு அப்புறம் முடிவு செய்யலாம். "வீட்டுல நீங்களா போட்டுப் பாக்காதீங்க. நாளைக்கே முடிவு சொல்லணும்னு அவசரமும் இல்ல. ஆனா புண்ணை அப்படியே விட்டா ரத்தம் கசியலாம். ரொம்பத் தள்ளிப்போடாதீங்க."

என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் சரக்குகளுக்குக் கஸ்டம்ஸ் பேப்பர் போடும் ஒரு கிளியரிங் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். வரும் வழியெல்லாம் எனக்குப் பாடம் நடந்தது.

"உள்ள என்ன சரக்குன்னு தெரியாம இத்தன வருசமா நீ பேப்பர் போட்டுக்கிட்டு இருந்திருக்க. கன்டெய்னரத் தொறந்து பாத்துர வேண்டியதுதான்."

"தொறக்கும்போது உள்ள பாம்பு இருந்தா?" என்றேன்.

அவர் ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தார். எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. மாத்திரையும் வேண்டாம், பரிசோதனையும் வேண்டாம், மோரும் மணத்தக்காளியும் போதும் என்று முடிவு செய்துவிட்டேன். பயந்தவர்களுக்கு முடிவெடுப்பது ரொம்பச் சுலபம். ஒன்றும் செய்யாமல் இருந்தால் போதும்... அதற்கு ஒரு நல்ல பேரும் வைத்துக்கொள்ளலாம். நான் வைத்த பேர், 'பார்த்துக்கலாம்'.

ஞாயிற்றுக்கிழமை மதினி வந்தார். என் அண்ணனின் மனைவி. அண்ணன் இப்போது இல்லை. வயிற்றுப் புண் முற்றி, ரத்தமாக வாந்தி எடுத்து, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே போய்விட்டான். மதினி உடன்குடியில் மகனோடு இருக்கிறார். என் வயிற்றுச் சங்கதி கேள்விப்பட்டு ஒரு பை நிறைய மணத்தக்காளிக் கீரையோடு பஸ் ஏறிவிட்டார்.

இருவரும் உட்கார்ந்து கீரை ஆய்ந்தோம். நான் என் வீர வசனத்தை அவரிடமும் சொன்னேன். "டாக்டர் ஆன்டிபயாடிக்கு சாப்புடணும்னாவ. நமக்குத்தான் ஆகாதேன்னு சொல்லிட்டு வந்துட்டேன் மதினி."

மதினியின் கை நின்றுவிட்டது.

"உங்க அண்ணனும் இதத்தாம்ளா சொன்னாவ."

"என்ன சொன்னான்?"

"அவுகளுக்கும் இதே மாத்திரதான் எழுதிக் குடுத்தாவ. வாங்கிட்டு வந்து அப்படியே அலமாரில வச்சிட்டாவ. ஏன் திங்கலன்னு கேட்டா, 'தங்கச்சிக்கு உதடு வீங்குனத நீ பாத்தேல்லா, அது நம்ம குடும்பத்துக்கே ஆகாது'ன்னாவ. நானும் சரிதானேன்னு விட்டுட்டேன். பிள்ளையளுக்கும் அதத்தான் சொல்லி வச்சிருக்கேன்."

அண்ணனுக்கு மாத்திரை எழுதித் தந்ததே எனக்குத் தெரியாது. முற்றிய பிறகுதான் டாக்டரிடம் போனான் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். கீரைத் தண்டுகளை மறுபடி மறுபடி ஒடித்தேன். ஒரு செட், ஒரு உதடு, ஒரு நாள் வீக்கம். அது எப்படி அண்ணன் வீட்டு அலமாரி வரைக்கும் போனது? நான் யாருக்கும் ஆகாது என்று சொல்லவில்லையே. எனக்கு ஆகாது என்றுதானே சொன்னேன்? ஆனால் எங்கள் ஆட்களுக்கு 'எனக்கு' என்று ஒன்று கிடையாது. ஒருவருக்கு சர்க்கரை வந்தால் எல்லாரும் காபியில் கருப்பட்டியைக் குறைப்பவர்கள் நாங்கள்.

அன்றைக்கே வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். "தொறந்து பாத்துருவோம்."

திருநெல்வேலியில் அலர்ஜி டாக்டர் இருக்கும் ஒரு ஆஸ்பத்திரி. முதலில் கையில் லேசாகக் குத்தி, தோலில் ஏதும் தடிக்கிறதா என்று பார்த்தார்கள். தடிக்கவில்லை. பிறகு அந்தப் பெனிசிலின் வகை மாத்திரையில் ஒரு துணுக்கு. கொஞ்ச நேரம் காத்திருப்பு. அப்புறம் இன்னும் கொஞ்சம் பெரிய துண்டு. பக்கத்திலேயே ஊசி மருந்தெல்லாம் தயாராக இருந்தது. அதைப் பார்த்தால் தைரியம் வரும் என்று நர்ஸ் சொன்னார். எனக்கு வரவில்லை. என் வீட்டுக்காரர் எதிரே நாற்காலியைப் போட்டுக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான புதிதில்கூட மனிதர் இப்படிப் பார்த்ததில்லை.

திடீரென்று எனக்கு முதுகு அரித்தது. அப்புறம் கழுத்து. அப்புறம் உள்ளங்கால். "அரிக்கி... அரிக்கி" என்றேன். நர்ஸ் ஓடி வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். ஒரு தடிப்பும் இல்லை.

"பயப்படுதீங்கம்மா, அதான்" என்றார். சொன்னதும் அரிப்பு நின்றது. அவமானமாகத்தான் இருந்தது.

கடைசியில் முழு மாத்திரையும் உள்ளே போய், கண்காணிப்பெல்லாம் முடிந்து, எனக்கு ஒன்றுமே ஆகவில்லை. "இந்த மருந்து உங்களுக்கு ஒத்துக்கும். தாராளமா கோர்ஸ் ஆரம்பிக்கலாம்" என்றார் டாக்டர். அவர் ரொம்ப நல்ல செய்தி சொல்கிற சந்தோஷத்தில் சொன்னார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வீங்கியிருந்தால் அண்ணன் பயந்ததில் ஒரு நியாயமாவது இருந்திருக்கும் அல்லவா?

வெளியே வந்து மதினிக்கு போன் போட்டேன்.

"வீங்கலையாளா?"

"இல்ல மதினி. ஒண்ணுமே ஆகல."

முன்னாடியே தெரிந்திருந்தால் என்று மதினி ஒரு வார்த்தை கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உங்க அண்ணன் இருந்தா ரொம்ப சந்தோசப்பட்டிருப்பாவ. தங்கச்சிக்கு ஒண்ணுமில்லன்னு தெரு பூரா சொல்லியிருப்பாவ" என்றார் மதினி.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதேன். வீட்டுக்காரர் ஆட்டோவைக் காத்திருக்கச் சொன்னார்.

கோர்ஸை முழுசாக முடித்துவிட்டேன். வாய் கசந்தது, குமட்டியது, சோறு பிடிக்கவில்லை. உதடு அதே அளவில்தான் இருந்தது. எரிச்சல் அடங்கிவிட்டது. கிருமி போய்விட்டதா என்று பார்க்கும் பரிசோதனை அடுத்த மாதம்.

எல்லாம் முடிந்து நேற்று நிம்மதியாக போனை எடுத்துப் பார்த்தால், எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அண்ணன் மகன் எழுதியிருக்கிறான்: 'நல்ல செய்தி. அத்தைக்கு டெஸ்ட் பண்ணியாச்சு. இனிமே நம்ம குடும்பத்துல யாரும் எந்த மாத்திரையையும் பயப்படாம சாப்பிடலாம்.' அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள்.

ஒவ்வொருவராக போன் போட்டு, "உன் உடம்ப உன் டாக்டர்ட்ட கேளு" என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன் — இந்தத் தடவை ஒருவரையும் விடுவதாக இல்லை.